அல்லாவா திருத்திய நாடாக்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பல் டாக்டர் பூஜம்ஆவின் வீட்டு மாடியில் கூடுகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்: "இந்த வாரம் உன் காதுல என்ன?" மற்றவர்கள் உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரிக்கும் இடத்தில் இவர்கள் இதை விசாரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் பழைய சங்கீதமான மலூஃபில் அந்த வாரம் தங்களை ஆட்டிவைத்த பதிவு ஒன்றைப் போடுவார்கள். பாடுவது யார், யார் வீட்டுக் கல்யாணம், எந்த வருஷம் என்று போடுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. பெயர் தெரிந்துவிட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. கான்ஸ்டன்டைன் ஊர்க்காரர்களுக்குச் சங்கீதத்தில் இருக்கிற கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. தலைநகர் அல்ஜியர்ஸ்காரர்கள் பாடுவதைக் கேட்டால், பாவம் நல்லவர்கள்தான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

அந்தக் கூட்டத்தின் கடைசித் தீர்ப்பு, எல்லோரும் மரியாதையாக 'ஸி' போட்டுக் கூப்பிடும் அல்லாவாவுடையது. முப்பது நாற்பது வருஷம் மருந்துக் கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மருமகனிடம் விட்டுவிட்டு முழு நேரமும் ஒலிநாடாக்களோடு குடித்தனம் நடத்துகிறார். மலூஃபில் நல்லதெல்லாம் கல்யாண வீடுகளில் பாடியதுதான். அதை யாரோ ஒரு மாமா கையில் கிடைத்த மெஷினில் பதிந்திருப்பார். அதிலிருந்து ஒரு பிரதி, அந்தப் பிரதிக்கு இன்னொரு பிரதி. ஒன்று வேகமாக ஓடும், ஒன்று இழுக்கும். ஒரே பாடகர் ஒரு பிரதியில் பையனாகவும் இன்னொன்றில் கிழவராகவும் பாடுவார். அல்லாவா ஒரு நிமிஷம் கேட்பார், தலையைச் சாய்ப்பார், "கொஞ்சம் இறக்கு" என்பார். இறக்கினால் பாடகர் பாடகராகிவிடுவார். "அல்லாவா திருத்தியது" என்ற முத்திரையோடு அந்தப் பதிவுகள் துனீஸ், மார்செய் வரைக்கும் போயின. அதில் குறை சொன்னவனுக்குத்தான் காது சரியில்லை என்று ஊர் சிரிக்கும்.

இந்த வசந்தத்தில் மட்டும் அல்லாவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கைக்கு வந்த நாடா எல்லாமே வேகமாக ஓடியது. குளிர்காலத்தில் கடுமையான ஜலதோஷம் பிடித்துப் படுத்து எழுந்ததிலிருந்து இப்படித்தான். புல்லாங்குழல் கரகரத்தது. வயலின் இரட்டையாகக் கேட்டது. ஊரில் இருக்கிற மெஷின் எல்லாம் ஒரே சமயத்தில் கெட்டுப் போகுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று பூஜம்ஆவின் முறை. மாமியார் வீட்டு அலமாரியில் கிடைத்த ஸ்பூல் டேப் ஒன்றைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். போட்டார். டேப்பில் ஒரு பாடகர் மெல்ல ஆரம்பித்து மேல் சுருதிக்கு ஏறினார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஸி லம்ரி கண்ணை மூடி "அல்லாஹ்!" என்றார். லம்ரி வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அப்படிச் சொல்வார்.

"வேகம்," என்றார் அல்லாவா. "நாடா வேகமா ஓடுது. இறக்கு."

லம்ரி கண்ணைத் திறந்தார். பூஜம்ஆ மறுபேச்சில்லாமல் இறக்கினார்.

"இன்னும் இறக்கு."

"ஸி அல்லாவா, இதுக்கு மேலயா?"

"இறக்குன்னா இறக்கு, பூஜம்ஆ. பல்லு பிடுங்கறப்ப நான் வந்து யோசனை சொல்றேனா?"

பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. லம்ரி தாடியைச் சொறிந்துகொண்டே, "இன்னும் ஒரு பிடி இறக்கினா ஒட்டகம்தான் வந்து பாடும்," என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அல்லாவாவுக்கு மட்டும் அந்தக் குரல் இன்னமும் இரண்டாகப் பிளந்தே கேட்டது. தலை சுற்றுகிற மாதிரி இருந்தது.

மூலையில் இருந்த வாஃபியா பேசினாள். கூட்டத்தில் இளையவள், மின்வாரியத்தில் இன்ஜினியர். அல்லாவாவிடம் அவளுக்கு மரியாதை அதிகம். அதனால்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஸி அல்லாவா, பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம் இருக்கு பாருங்க. அது கரண்டோட சத்தம். மெஷின் கரண்டுல ஓடினா அதுவும் சேர்ந்து பதிஞ்சுடும். நாடா வேகமா ஓடினா அந்த ரீங்காரமும் ஏறிடும்." அவள் போனை நீட்டினாள். "அளந்து பார்த்தேன். நீங்க இறக்கச் சொல்றதுக்கு முன்னாடி அது இருக்க வேண்டிய இடத்துலதான் இருந்துச்சு."

"அந்தக் காலத்துக் கரண்டை நீ பார்த்திருக்கியா, பொண்ணே? விளக்கு எரியுதா அணையுதான்னே தெரியாது."

"மங்கும், சரி. ஆனா கரண்டோட சுருதி இவ்வளவு தப்பியிருந்தா ஊர்ல ஒரு மோட்டார் மிஞ்சியிருக்காது."

அல்லாவா பூஜம்ஆவைப் பார்த்தார். வார்த்தைக்கு வார்த்தை கிண்டல் பண்ணுகிற மனிதர் இப்போது காப்பிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கிண்டல் பண்ணியிருந்தால் தேவலை என்று தோன்றியது. தலைவலி என்று ஏதோ மென்று விழுங்கிவிட்டு அல்லாவா எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் நடக்கும்போது பாங்கு ஒலித்தது. இந்த ஒலிபெருக்கி கெட்டுப் போய்விட்டது, மாற்றுங்கள் என்று அவர் பள்ளிவாசல் கமிட்டியிடம் சண்டை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்களும் பயந்துபோய்ப் புதிதாக வாங்கினார்கள். புதியதும் அதே மாதிரி கரகரத்தது. அல்லாவா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். பிறகு, யாராவது பார்க்கிறார்களா என்று திருதிருவென விழித்துவிட்டு, இடது காதில் விரலை வைத்து அடைத்தார். பாங்கு சுத்தமாகக் கேட்டது. விரலை மாற்றி வலது காதை அடைத்தார். பாங்கு சொல்கிற மோதினார், வேகமாக ஓடும் நாடாவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி சுருதி ஏறிக் கத்தினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி யமீனாவின் முன்னால் போய் நின்றார். அவள் பூநீர் வடிப்பதற்காக ஆரஞ்சுப்பூக்களைத் துணியில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யமீனா, ஒரு சத்தம் குடு."

"என்ன சத்தம்?"

"ஏதாவது. ஆன்னு இழு."

"பல் டாக்டர் வீட்டுக்குப் போயிட்டு வந்தது நீ. ஆன்னு நான் இழுக்கணுமா?"

ஆனாலும் இழுத்தாள். அவர் ஒரு காதை அடைத்தார், மறு காதை அடைத்தார். ஒரே யமீனா இரண்டு சுருதியில் நின்றாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதில் எந்தக் காது பொய் சொல்கிறது? இடதா, வலதா? வலது காது ஊரோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஊரோடு ஒத்துப்போவதற்காகவா அவரை எல்லோரும் மதித்தார்கள்? நான்கு பேருக்குக் கேட்காதது தனக்குக் கேட்கிறது என்பதுதானே அவர் பெருமை!

விஷயத்தைச் சொன்னதும் யமீனா பூவைக் கீழே போட்டாள். "ஜலதோஷத்துல காது அடைக்குதுன்னப்பவே டாக்டர்கிட்ட போன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நான் மருந்துக்காரன், எனக்குத் தெரியாதான்னு ஆலிவ் எண்ணெயைச் சூடு பண்ணி ஊத்திக்கிட்ட மனுஷன்தானே நீ!"

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். காது போனதற்காக மட்டும் அழவில்லை. குளிர்காலத்துக்குப் பிறகு திருத்தி அனுப்பியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்த வரிசையில் முதலில் நின்றது வாஃபியாவின் அப்பாவுடைய கேசட். அவர் மேடைப் பாடகர் இல்லை. மரக்கடைக்காரர். வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு தடவை பாடியது பதிவாகியிருந்தது. அவர் இறந்த பிறகு கேசட்டை அவள் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் அவர் இறக்கியிருந்தார், நன்றாகவே.

மறுநாள் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். திருத்துவதற்கு முன்னால் ஏற்றிய பதிவு அதில் அப்படியே இருந்தது. வாசலிலேயே நடந்ததையெல்லாம் சொல்லிக் கொட்டிவிட்டார். வாஃபியா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"முதல் தடவை போட்டதுமே யம்மா சொல்லிச்சு, 'இது உங்கப்பா இல்ல'ன்னு. நான்தான் சண்டை போட்டேன். 'ஸி அல்லாவாவே உட்கார்ந்து சரி பண்ணினது, உனக்குத்தான் மறந்துபோச்சு'ன்னேன். மறுபடி போட்டேன். 'வேற யாரோ ஆம்பளையை ஏன் வீட்டுல பாட விடற'ன்னு யம்மா அழுதுச்சு. அப்புறம்..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "புருஷன் குரலே மறந்துபோச்சேன்னு பயந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்."

கூடத்தில், எல்லோரும் மரியாதையாக 'லாலா' என்று கூப்பிடும் அவள் தாய் ஹனீஃபா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாத்திரைப் பெட்டி. அந்தப் பெட்டியையும் அதன் நிறத்தையும் அல்லாவாவுக்கு நன்றாகத் தெரியும். நினைவு தப்பிக்கொண்டே போகிறவர்களுக்குப் பிள்ளைகள் வந்து வாங்கிப் போகிற மாத்திரை. கடையில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்!

"போடுங்க," என்றாள் வாஃபியா. பிறகு சட்டென்று நினைவு வந்தவளாக, "ஸி அல்லாவா, அப்பா இதைப் பேட்டரி மெஷின்லதான் பதிஞ்சாரு. ரீங்காரம் இருக்காது. அளக்க முடியாது. நீங்க கேசட்லேர்ந்து கணினியில ஏத்தினதும் சரியான வேகம்தான்னு எப்படித் தெரியும்?"

இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்கு அல்லாவாவே பதிலாக இருந்தார். அவர் கணினியைத் தூக்கிப் பட்டாணிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து, ஹனீஃபாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"லாலா, நான் தப்பு பண்ணிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. திரையில இருக்கிற இந்த அம்பை இப்படித் தள்ளினா குரல் ஏறும், இப்படித் தள்ளினா இறங்கும். அவரு எங்க இருக்காருன்னு நீங்கதான் சொல்லணும்."

ஹனீஃபா அவரை நம்பாமல் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பச்சை படிந்த விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு அம்பின் மேல் வைத்தாள். குரல் வந்தது. சற்று ஏற்றினாள். "இல்ல." இறக்கினாள். "இதுவும் இல்ல, இது அவரோட அண்ணன் மாதிரி இருக்கு." மறுபடி ஒரு மயிரிழை ஏற்றினாள். விரல் நின்றது. தலை மெதுவாக ஆட ஆரம்பித்தது.

"இவருதான்," என்றாள். "இந்த இடத்துல மூச்சு பத்தாம என்னைப் பார்ப்பாரு. பாரு, இப்ப... ஆங்." பாட்டில் ஒரு சின்ன இடைவெளி வந்தது. வாஃபியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பைத்தியக்காரின்னு நினைச்சீங்க இல்ல என்னை? மாத்திரை வேற." ஹனீஃபாவின் குரலில் கோபமும் அழுகையும் ஒன்றாகக் கலந்திருந்தன. அல்லாவா பக்கம் திரும்பினாள். "ஊரே உங்க காதைக் கொண்டாடுது. இந்தப் பொண்ணுக்கு உங்க வாயாலயே சொல்லுங்க, இது அவரு தானேன்னு."

பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை கூட்டத்திலும் அதைச் சொல்லிச் சமாளித்துவிடலாம்.

"நீங்க சொன்னா சரிதான், லாலா," என்றார் அல்லாவா. "எனக்குத் தெரியல. எனக்கு இதுல ரெண்டு பேரு பாடற மாதிரி கேக்குது."

ஹனீஃபா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பட்டாணிக் கூடையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரா? அந்த ஒரு மனுஷனோட குடும்பம் நடத்தவே நான் பட்ட பாடு இருக்கே!"

முதலில் சிரித்தது வாஃபியாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அல்லாவாவும் சிரித்தார். எதற்காகச் சிரிக்கிறோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டிக் கூடையிலிருந்து ஒரு பிடி பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.