ஒளிரக் கூடாத குப்பி

வெறும் தண்ணீர் வைத்திருந்த குப்பி பச்சையாக ஒளிர்ந்தது. ஆய்வகத்தின் கறுப்புத் திரைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தவளுக்கு அதிர்ச்சிகூட வரவில்லை. சரி, இதுவும் போச்சு என்று மட்டும் தோன்றியது. வருடக்கணக்காக மாரடித்து அவள் உருவாக்கிய உணரி அது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், இருபது அமினோ அமிலங்களில் ஹிஸ்டிடின் என்ற ஒன்றைக் கண்டால் மட்டும் புற ஊதா விளக்கில் ஒளிர வேண்டும். மற்றவை தலைகீழாக நின்றாலும் கண்டுகொள்ளக் கூடாது. இப்போது ஒன்றுமில்லாத தண்ணீரைப் பார்த்தே பல்லை இளிக்கிறது.

"காரணம் தெரியலன்னா இதப்பத்தி ஜர்னல்ல வந்த பேப்பர திரும்ப வாங்கிட வேண்டியதுதாம்மா," என்றார் பேராசிரியர். கத்தியிருந்தால் தேவலை. அம்மா செத்த மறுவாரமே வேலைக்கு வந்து நிற்பவளிடம் யாரும் கத்துவதில்லை. அவள் காதுபடக் கல்நெஞ்சக்காரி என்று சொன்னவன் அண்ணன் மட்டும்தான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. மருத்துவமனையிலும் சரி, வீட்டிலும் சரி, அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. வரவழைக்கத் தெரியவுமில்லை.

தண்ணீரை மாற்றினாள். புதுக் குப்பி எடுத்துக் கழுவித் துடைத்தாள். அதுவும் ஒளிர்ந்தது. பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எதுலடி தொடைக்கிற?"

"துணியில. டிஷ்யூதான் தீந்து போச்சே."

"எந்தத் துணி?"

கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். மெத்தென்ற பழைய பருத்தித் துண்டு. கடைசி நாட்களில் அம்மாவின் நெற்றியையும் கழுத்தையும் இதில்தான் துடைத்தாள். மற்றதையெல்லாம் துவைக்கப் போட்டவள் இதை மட்டும் போடவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதைக் கொண்டு குப்பியின் உள்ளே துடைத்தது எந்தப் புத்தியில் என்றும் தெரியாது. வியர்வையில் ஹிஸ்டிடின் இருக்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

"நல்ல கூத்து போ! தண்ணியில நனைச்சு டெஸ்ட் பண்ணிடு."

"நனைச்சா போயிடும்க்கா."

"என்ன போயிடும்?"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். துணியின் ஒரு மூலையை மட்டும், நகத்தளவு, வெட்டித் தண்ணீரில் போட்டாள். இன்னொரு குப்பியில் அக்காவின் புதுக் கைக்குட்டையின் மூலை. இரண்டிலும் உணரியை விட்டாள். கைக்குட்டை இருந்த குப்பி இருட்டாகவே கிடந்தது. மற்றது பளிச்சென்று ஒளிர்ந்தது. உணரி பொய் சொல்லவில்லை.

"பொழச்சடி! யாரு வேர்வ, உன்னோடதா?"

"அம்மாவோடது." அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பல நாளாகியிருந்தது. கொஞ்சம் யோசித்தாள். "என் கையும் பட்டிருக்கு. என்னோடதும் கலந்திருக்கும். அது யாரோடதுன்னு சென்சாருக்குத் தெரியாதுக்கா."

அக்கா சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். "நான் போய் சார்கிட்ட சொல்லிடறேன். நீ ரொம்ப நேரம் வெளிச்சத்துல வைக்காத. மங்கிடும்."

அவளுக்கு அது தெரியும். விளக்கைப் போட்டுப் பார்க்கப் பார்க்க உணரியின் ஒளிரும் சாயம் அழியும். திரையை இழுத்து மூடி, விளக்கை அணைத்தாள். குப்பி இருந்த இடமே தெரியவில்லை. திடீரென்று பயமாக இருந்தது. மறுபடி போட்டாள்.

இருந்தது.

அணைத்தாள். விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள்.