இடது பூட்ஸின் மடிப்பு

1

இந்தக் கதை ஒரு ஜோடிப் பழைய பூட்ஸிலிருந்து வந்தது. நார்வேயில் நான் குடியிருக்கும் சிற்றூரில், பள்ளி வாத்தியக் குழுவுக்குப் பணம் திரட்ட வருடாவருடம் நடக்கும் பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். உள்ளே நாக்குத் தோலில் மையால் ‘ஹால்வார்’ என்று எழுதியிருந்தது. இடது பூட்ஸில் மட்டும், கால் மடங்கும் இடத்தில், ஒரு விரிசல். அதன் மேல் கறுப்பாக, தார் கலந்த கொழுப்பு அப்பியிருந்தது. ஈரம் புகாமலிருக்கப் பூசியது மாதிரி இல்லை. எதையோ மறைக்கப் பூசியது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. பெயர் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டியவனுக்கே பயம் வருவது ஏன் என்று தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: வெள்ளைக் கம்பளம் விரித்தது போலப் பனி

(அடித்துவிட்டேன். பனியில் கால் நனைந்தவர் யாரும் அதைக் கம்பளம் என்று சொல்லமாட்டார்.)

இரண்டாம் தொடக்கம்: ஹால்வார் கடைசியாக அந்தக் குடிலை விட்டுக் கிளம்பியபோது

(‘கடைசியாக’ என்று எழுத எனக்கு என்ன உரிமை?)

மூன்றாவது, இப்போதைக்கு இது: ஸ்குக்கெபூ மலைக்குடிலில் ஓஷில்ட் தன் தம்பியின் பூட்ஸை அடுப்பருகே வைத்தாள்.

வைத்திருக்கக் கூடாது. அவளைவிட அது நன்றாகத் தெரிந்தவர் அந்தக் குடும்பத்தில் கிடையாது. நனைந்த தோலைச் செய்தித்தாள் திணித்து, அடுப்பிலிருந்து தள்ளித் தொங்கவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளங்கைச் சூட்டில் கொழுப்பை இளக்கி, தையல் தையலாக விரலால் தேய்க்க வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டு மறுபடியும் ஒரு பூச்சு. இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே எல்லோர் உயிரையும் வாங்கியவள் அவள்.

ஆனால் முந்தின நாள் வழுக்கி விழுந்து அவள் முட்டி வீங்கியிருந்தது. அங்கே போனில் சிக்னல் கிடையாது. பதினெட்டுக் கிலோமீட்டர் நடந்து லாங்வான் குடிலுக்கு ஹால்வார் போனால்தான் அவளை ஏற்றிப்போக ஸ்னோ ஸ்கூட்டர் வரும். வலி பொறுக்கவில்லை. பூட்ஸோ காயவில்லை. காலையில் அவன் விறகு பிளக்கப் போன நேரத்தில், கொஞ்ச நேரம்தானே என்று அடுப்பின் கம்பியில் மாட்டினாள். எடுத்தபோது இடது பூட்ஸின் மடிப்பு அப்பளமாக விறைத்திருந்தது. வளைத்துப் பார்த்தாள். வாய் பிளந்தது.

டப்பாவைத் திறந்து, தார்க் கொழுப்பை அள்ளி அப்பினாள்.

3

“என்னக்கா, இப்படிப் பளபளன்னு ஆக்கி வெச்சிருக்க? எனக்கென்ன பொண்ணா பாக்கப் போற?”

“வாய மூடிட்டு மாட்டுடா. உன் மூஞ்சிக்குப் பூட்ஸாவது நல்லா இருக்கட்டும்.”

அவன் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினான். பிறகு அவள் குரலிலேயே, மூக்கால் பேசிக் காட்டினான். “அடுப்புல இருந்து ஒரு கை தள்ளி! தள்ளித்தானே காய வெச்ச?”

“யார்கிட்டடா கேக்குற?” என்றாள்.

(இந்த வரியை ஒன்பது தடவை மாற்றினேன். பொய்யும் இல்லை, பதிலும் இல்லை. அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள்.)

“அதானே! உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு. சாயங்காலத்துக்குள்ள ஸ்கூட்டரோட வந்துடுறேன். அதுவரைக்கும் பாலாடைக்கட்டிய மொத்தமா முழுங்கிடாத.”

கதவு மூடியது.

4

ஏன் சொல்லவில்லை?

அவளுக்குத் தம்பி மேல் உள்ளூர ஒரு வெறுப்பு என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வலியால் என்று எழுதினேன். பாதி உண்மை. மீதிப் பாதி அற்பமானது: சொல்லியிருந்தால் சாகும்வரை அதைச் சொல்லியே கேலி செய்வான். அவ்வளவுதான். அந்த அற்பம்தான் எனக்குக் குலை நடுக்கம் தருகிறது. நானும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன்.

கொழுப்பு அப்பிய கையைத் துடைத்த துணியை அவள் மடிக்கையில், அதில் மீன் செதில் போல ஏதோ ஒட்டியிருந்தது. தோல் துணுக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாதையை மனதுக்குள் நடந்தாள். கணவாய். இறக்கம். அப்புறம் ஏரி. அந்த ஏரியில் உறைபனிக்கும் மேல்பனிக்கும் நடுவே தண்ணீர் ஒளிந்து நிற்கும். மிதித்தால் கணுக்கால் வரை இறங்கும். வெளியே மைனஸ் பதினெட்டு. நல்ல பூட்ஸ் என்றால் தாங்கும். பதினாலு வயதில் ஏற்கெனவே ஒரு கால்விரலைக் குளிருக்குக் கொடுத்தவன் ஹால்வார்.

அவன் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கணவாயின் மேல் மேகம் உட்காரத் தொடங்கியது.

5

குடிலை விட்டுக் கிளம்புகிறவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் போவார்கள். தேட வேண்டி வந்தால், தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். ஓஷில்ட் நொண்டிக்கொண்டே போய்ப் புரட்டினாள். தம்பியின் கோணல் கையெழுத்து:

ஸ்குக்கெபூ – லாங்வான். ஏரி வழி. வானம் தெளிவு. பூட்ஸ் பிரமாதம், உபயம்: அக்கா.

அவள் பேனாவை எடுத்தாள்.

அவன் இடது பூட்ஸ் பிளந்திருக்கிறது. அவனுக்குத் தெரியாது. அதைப் பிளந்தது

(இங்கே நின்றுவிட்டது. அவள் நிறுத்தினாளா, நான் நிறுத்தினேனா?)

பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அவளுடைய பனித்தட்டுகள் வாசலில் சாய்ந்திருந்தன. ஒரு காலில் கட்டினாள். வீங்கிய காலை மடக்கியபோது கத்தினாள். மறுகாலிலும் கட்டினாள்.

6

முடிவு, ஒன்று: பாதை காட்டும் குச்சிகளுக்கு நடுவே ஒரு புள்ளி அவளை நோக்கி வளர்கிறது. “அக்கா! ஏரிக்கே போகல, அதுக்குள்ள சாக்ஸ் ஈரம்! என்ன பண்ணித் தொலச்ச?”

இதை எழுதியபோது அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.

முடிவு, இரண்டு: ஏரிக்கரையில் தடம்

(முடியவில்லை.)

நேற்று வெளிச்சத்தில் வைத்து, அந்த விரிசலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புத் தாருக்கு மேலே, முதலில் கண்ணில் படாத அளவு மெலிதாக, இன்னொரு பூச்சு இருக்கிறது. மஞ்சள் மெழுகு. அவசரமே இல்லாமல், தையல் தையலாக, விரலால் தேய்த்தது. இடது பூட்ஸில் மட்டும். அந்த நாளுக்குப் பிறகு யாரோ உட்கார்ந்து, இனி யாரும் பனியில் போட முடியாத பூட்ஸுக்கு, முறைப்படி மெழுகு பூசியிருக்கிறார்.

ஓஷில்டை நான்தான் உண்டாக்கினேன். இந்த மெழுகை நான் உண்டாக்கவில்லை.

பூட்ஸ் இப்போது என் வீட்டில், அடுப்பிலிருந்து ஒரு கை தள்ளி இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த மஞ்சள் மெழுகைப் பூசும்போது, பக்கத்தில் உட்கார்ந்து யாராவது மூக்கால் பேசிக் கேலி செய்துகொண்டிருந்தார்களா? பூட்ஸின் வாயில் காதை வைத்துப் பார்த்தேன், பயத்தில் எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.