சவுரியப்பன் கிணற்றில் இறங்கிய ஆறு

1971ஆம் ஆண்டு பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிவாக்கில், வாணியாறு சவுரியப்பனின் கிணற்றுக்குள் இறங்கியது. பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டி, வயலுக்குள்ளேயே வீடு கட்டிய கொட்டாய் அவனுடையது. அறுபதடிக் கிணற்றை ஒன்பது வருடமாக அவன் ஆழப்படுத்திக்கொண்டிருந்தான். அன்று வைத்த வெடியில் அடிப்பாறை பிளந்தது. ஆறு மணலுக்கு அடியிலேயே புகுந்து வந்து, கிணற்றின் பக்கச்சுவர் வழியாகக் கொட்டி, அந்தப் பிளவு வழியாக எங்கோ போயிற்று. மாவு சலிக்கிற சத்தம்தான் கேட்டது. உச்சி வெயிலுக்குள் ஆற்றுமணலில் கெண்டைகள் துள்ளின.

அவன் மனைவி ரோசம்மா இதில் அதிகம் ஆச்சரியப்படவில்லை. அவர்களுடைய மாட்டுக்கொட்டகையில் பாதியை இரண்டு வருடத்துக்கு முன்பு பொதுப்பணித்துறை ஓவர்சியர் பெரியண்ணன் என்பவர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஆறுதான் கிணறுகளுக்குத் தண்ணீர் தருகிறதா, கிணறுகள்தான் ஆற்றுக்குத் தருகின்றனவா என்று கண்டறிய வந்தவர். கட்டில் அகலத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, முன்பக்கம் கண்ணாடி வைத்து, அந்த ஊரின் மணலையும் செம்மண்ணையும் கல்லையும் நிலத்தில் உள்ள வரிசையிலேயே பரப்பினார். தகர வாய்க்கால்தான் ஆறு. கண்ணாடிக் குழாய்கள்தான் கிணறுகள். வாரம் ஒருமுறை ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் இருபத்திரண்டையும் அளந்து சொல்வது ரோசம்மாவின் வேலை. மூன்றாம் மாதம் அவர் தகர வாய்க்காலில் சலவை நீலம் கரைத்து ஊற்றினார். மறுநாள் பக்கத்து நிலத்துக்காரன் மாதுவின் கிணற்றில் இறைத்த தண்ணீர் நீலமாக வந்தது. மாது அதில் வேட்டி அலசிக்கொண்டான். ஓவர்சியர் பயந்துபோய் மேலிடத்துக்கு எழுதினார். முடிவுகள் திருப்தி, மீதிப் படிவங்களையும் அனுப்பவும் என்று பதில் வந்தது.

ஆறு இறங்கிய அன்று அவர் தருமபுரியில் ஒரு வாரக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் வரும்வரை யாரும் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிச் சாவியை ரோசம்மாவிடம் கொடுத்திருந்தார். அவள் திறந்து பார்த்தபோது தகர வாய்க்கால் காய்ந்து கிடந்தது. சவுரியப்பனின் குழாய்க்கு அடியில், கல் அடுக்கில், யாரும் கீறாத ஒரு கோடு. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. களிமண்ணால் அடைத்துவிடலாமா என்று புருஷனைக் கேட்டாள்.

"கை வெச்சே, நடக்கறதே வேற. ஒம்போது வருசம் நான் தண்ணியத் தேடுனேன். இப்ப அது என்னத் தேடி வந்துருக்குது" என்றான் சவுரியப்பன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆறு இறங்கிப் போகிற திசையில் உள்ள கீழூரிலிருந்து நாற்பது பேர் கல் ஏற்றிய நாலு வண்டிகளோடு வந்தார்கள். முன்னால் தீர்த்தகிரி. அவருடைய நெல் பால்பிடிக்கிற பருவத்தில் கருகிக்கொண்டிருந்தது. கிணற்றைத் தூர்ப்பதுதான் அவர்கள் எண்ணம். சவுரியப்பன் கயிற்றைப் பிடித்து அடிவரை இறங்கி, கொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மொதக் கல்ல என் தலையில போடுங்கடா" என்று கத்தினான்.

கல்லைக் கொட்ட முதல் வண்டியின் மாடுகளை அவிழ்த்தார்கள். ரோசம்மா தீர்த்தகிரியின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, கல்ல எறக்காதீங்க. கயித்தப் புடிங்க. ஆத்த நான் திருப்பி வுடறேன். ஆனா கெணறு ரொம்பிரும். அவருக்கு நீச்சல் தெரியாதுங்க."

"அந்தாளு கயித்தப் புடிக்கலன்னா?"

"புடிப்பாரு" என்றாள். அது அவளுக்கே நிச்சயமில்லை.

கொட்டகைக்குள் போய்க் களிமண்ணைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, குடைக்கம்பியால் கண்ணாடி ஓரமாகக் கோட்டுக்குள் தள்ளினாள். குழாயில் தண்ணீர் ஒரு நெல் உயரம் ஏறியது. வெளியே ஆட்கள் கூச்சலிட்டார்கள். இன்னொரு உருண்டை. குழாய்க்குள் எறும்பளவில் ஏதோ ஒன்று தண்ணீர்மேல் உதைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். மேலிருந்து தொங்கிய நூல் அதன் பக்கத்திலேயே ஆடியது. அது நூலைத் தொடவில்லை. அவள் கை நின்றுவிட்டது. கோட்டில் அடைத்த மண் ஊறிக் கரையத் தொடங்கியது. இப்போது விட்டால் இவ்வளவும் வீண், கல்லும் விழும். கண்ணாடியில் வாயை வைத்து, "புடிச்சித் தொலையேன்" என்று அழுதாள். கல்யாணமான பதினாலு வருடத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அப்போது மட்டும்தான். மூன்றாவது உருண்டையையும் தள்ளினாள். எறும்பு மூழ்கியது. பிறகு நூல் விறைத்தது.

"புடிச்சிட்டான்! இழுங்கடா!" என்று வெளியே தீர்த்தகிரியின் குரல் கேட்டது. நாற்பது பேரும் இழுத்தார்கள்.

ஆறு சாயங்காலத்துக்குள் கீழூருக்குப் போய்ச் சேர்ந்தது. நெல்லில் பாதி பிழைத்தது. சவுரியப்பனின் கிணறு விளிம்புவரை நிறைந்து, அப்படியே நின்றது. அவன் ஆடி முடியும்வரை மனைவியோடு பேசவில்லை. ஓவர்சியர் மாற்றலாகிப் போனார். பெட்டியை உடைத்து ஏலம் விட்டார்கள். ஐப்பசியில் தீர்த்தகிரி தானாக வந்து, இடுப்பில் சுரைக்குடுவை கட்டி, அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த வருடத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் சவுரியப்பன் தன் கிணற்றில் குதித்து, ஆறு புகுந்த வழியாகவே போய், கீழூரில் தீர்த்தகிரியின் வயலோரம் ஆற்றில் எழுவது வழக்கமாயிற்று. நடந்தால் முக்கால் மணி நேரம், இப்படிப் போனால் கால் மணி. கரையில் நிற்பவர்கள் தண்ணீர் சில்லென்று இருந்ததா என்று கேட்பார்கள். ரோசம்மா காலையிலேயே கீழூர்ப் பக்கம் போகிற யாரிடமாவது உலர்ந்த வேட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பிவிடுவாள்.