தொட்டிக்கு அடியில் காற்று

என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வேலை மாலையோடு முடிந்துவிடும். அதிகாரி மட்டும் வீட்டுக்கும் வந்துவிடுவார். குளியலறை வாசல் ஈரமாக இருந்தால் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை வைக்கிற மனிதரோடு நான் குடித்தனம் நடத்துகிறேன்.

கூடத்துக்குப் பின்னால் மரத்தளம் போட்டதும் அத்தை, அதாவது இவருடைய அம்மா, தன் பூந்தொட்டிகளை எல்லாம் அங்கே குடியேற்றிவிட்டார். இவருக்கு மரத்தைப் பற்றித்தான் கவலை. தண்ணீர் வடிந்தால் மரம் என்னத்துக்கு ஆகும்? ரப்பர் விரிப்பை வட்ட வட்டமாக வெட்டி ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் போட்டு, ஓரத்தைப் பசையால் ஒட்டினார்.

"இனிமே ஒரு சொட்டு இறங்காது" என்றார்.

ரோஜாத் தொட்டிக்கு மட்டும் அடி உடைந்திருந்தது. அது ஆடாமல் இருக்க அத்தை ஓட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார். விரிப்பு அதில் உட்காரவில்லை. "அது எக்கேடோ கெடட்டும்" என்று இவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில், மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அத்தை வாக்கரைப் பிடித்தபடி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாக்கரின் ஒரு கால் பலகையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டதால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இவர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

அன்றே தளத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவின் உச்சியில், அத்தைக்கு எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாளை அடித்தார்.

"நீ ஊத்தி ஊத்தியே மரம் மக்கிப் போச்சும்மா. இனி நான் ஊத்துறேன். நீ உள்ளேருந்தே பாரு."

அத்தை பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். பகலெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன்; செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஞாயிற்றுக்கிழமை பலகை மாற்ற, தொட்டிகளை நாங்கள் இருவரும் நகர்த்தினோம். முதல் விரிப்பை உரித்ததும் புளித்த வாடை அடித்தது. பலகை கறுத்து ஊறிக் கிடந்தது. இவர் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. அடுத்ததும் அப்படியே. பசை விட்ட இடத்தில் நுழைந்த மழை, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கிறது. எல்லா விரிப்புக்கு அடியிலும் இதே கதை.

கடைசியாக ரோஜா. ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே மரம் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். தட்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்டது.

"வேலியே பயிரை மேஞ்சிருக்குங்க" என்றேன். வேறு நாளாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அன்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளேயிருந்து அத்தை கண்ணாடியைத் தட்டினார். நான் பக்கவாசல் வழியாக உள்ளே போய், எக்கித் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

"என்னடா ஆச்சு?"

"நீ ஊத்துன தண்ணியால இல்லம்மா. நான் ஒட்டி வச்சதாலதான். காத்தே போகல."

அத்தை கறுத்த பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"நான் விழுந்துருவேன்னு பயப்படுற. புரியுதுடா. அதுக்காக உள்ளயே வச்சிருந்தா, நான் மட்டும் கெடாம இருப்பேனா?"

இவர் தலை நிமிரவே இல்லை.

புதுப் பலகைகள் வந்தன. தொட்டிகள் எல்லாம் ஓட்டுத் துண்டுகளின் மேல், அடியில் கை நுழையும் இடைவெளியோடு ஏறி உட்கார்ந்தன. எல்லாம் முடிந்தபின் இவர் முக்காலியில் ஏறித் தாழ்ப்பாளைக் கழற்றினார்.

மறுநாள் காலை அத்தை தானே கதவைத் தள்ளித் திறந்து, வாக்கரோடு தளத்தில் இறங்கினார். இவர் திரைக்குப் பின்னால் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

ரோஜாவுக்கு ஊற்ற அத்தை ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்துக் குனிந்தார். என் பிடியில் சட்டை விறைத்தது. நான் விடவில்லை. இவரும் இழுக்கவில்லை.