மெயின் ஸ்ட்ரீட்டில் சிரித்தவர்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. சிரித்தவன் நான்.

புணே கேம்ப்பில் மெயின் ஸ்ட்ரீட் நெடுக நடத்திக் கூட்டிப்போய், வெள்ளைக்காரன் காலத்துக் கதைகளைச் சொல்லும் நடை ஒன்றுக்குப் போன வருடம் பெயர் கொடுத்திருந்தேன். வழிகாட்டி ஒரு கடை வாசலில் எங்களை நிறுத்தினார். அந்தக் காலத்தில் துரை வீட்டு வேலைக்காரர்கள் வேறு வீட்டில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால், பழைய துரை எழுதிக் கொடுத்த நடத்தைச் சீட்டைக் காட்ட வேண்டும். ஒரு மதராஸி சமையல்காரனுக்குக் கொடுத்த சீட்டில் முழுக்க வசவு. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. அதைப் பெருமையாக வாசல் வாசலாகக் காட்டிக்கொண்டு போனானாம். பன்னிரண்டு பேர் வந்திருந்தோம், கொல்லென்று சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். சிரித்தபடி திரும்பினால், பின்னால் ஒரு பெரியவர் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது அவ்வளவுதான். அவர் காது கேட்காதவரா, மொழி புரியாதவரா, பல்வலிக்காரரா, எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் நானே கட்டியது. கட்டுக்கதைதானே, பயமென்ன என்று நானும் என்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பயம் போகிற வழியாக இல்லை.

2

முதல் வரி மூன்று எழுதினேன். இரண்டை அடித்தேன். அடித்ததையும் வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

“பேஷ்வா தோற்ற கையோடு கும்பினிப் பட்டாளம் கூடாரம் போட்ட மேட்டு நிலத்தில், அணிவகுப்புக்குத் தோதாக நேர்க்கோட்டில் போட்ட பாதை...” (பரீட்சைக்குப் படிக்கிற வாடை. வேண்டாம்.)

“ஐடி கம்பெனிக்காரனான அனிருத் சனிக்கிழமை தோறும்...” (இவனை இரண்டு பக்கம் நடக்கவிட்டேன். மகராசனுக்கு எதுவுமே உறுத்தவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.)

“ப்ரியம்வதாவுக்குக் காலையிலிருந்தே வயிற்றைப் பிசைந்தது.”

இது இருக்கட்டும். இந்த வயிற்றை எனக்குத் தெரியும்.

3

ப்ரியம்வதாவுக்குக் காலையிலிருந்தே வயிற்றைப் பிசைந்தது. நாற்பத்திரண்டு வயது, வங்கியில் அதிகாரி. வங்கிக்கு விடுமுறையான இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் மட்டும் மெயின் ஸ்ட்ரீட்டில் நடை நடத்துகிறாள். போர்டில் எம்.ஜி. ரோடு என்று எழுதி எத்தனையோ வருடம் ஆகியும், கேம்ப்வாசிகளுக்கு அது மெயின் ஸ்ட்ரீட்தான். எட்டு நிறுத்தங்கள், இரண்டு மணி நேரம். சேணம் தைத்தவர், சீமைச் சாராயம் விற்ற பார்ஸி, மேம்சாகிப்களுக்குத் தொப்பி செய்தவர் என்று ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ஆள் வைத்திருந்தாள். நம்ம தமிழ் ஆள் என்று சொல்ல ஒருவர்கூட இல்லையே என்பது அவளுக்குப் பெரிய குறை. தேடித் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆகவே ஒருவரைச் செய்துகொண்டாள்.

ஐந்தாவது நிறுத்தம். மாடியில் மரக் கிராதி, கீழே மொபைல் கவர் கடை. அங்கேதான் ஜெபமணி என்கிற மதராஸி சமையல்காரன் வசவுச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்ட சீட்டுகள் இருந்ததாக எங்கோ வாசித்திருந்தாள். ஜெபமணி மட்டும் அவள் சொந்தச் சரக்கு. முதல் தடவை அந்த வாசலில் சொல்ல ஒன்றும் இல்லாமல் வாயில் வந்ததைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தடவை அவனுக்கு மீசை வைத்தாள். அதற்கடுத்த தடவை, சீட்டை அவன் நீட்டும் விதத்தைக் குனிந்து நடித்தே காட்டினாள். மூன்று வருடமாக நடையிலேயே பெரிய கைத்தட்டல் ஐந்தாவது நிறுத்தத்தில்தான்.

(இவளை நான் நல்லவளாகக் காட்டப் பார்க்கிறேனா? அவள் தாத்தா பட்டாளக் கணக்கு அலுவலகத்துக்கு டைப்பிஸ்டாக வந்தவர். சர்டிபிகேட்டெல்லாம் ஃபைலில் வரிசையாக வந்தது, யாரும் வாசல் வாசலாக நீட்டவில்லை. ஆகவே குனிந்து நடிப்பது அவளுக்குச் சுலபம். எனக்கும்தான்.)

போன இரண்டாம் சனிக்கிழமை ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்திருந்தார்கள். சவரிமுத்து, கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு கசார்வாடியில். மகள் ஜான்சி, நிக்டியில் பள்ளி ஆசிரியை. ஐந்தாவது நிறுத்தத்தில் ஜான்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ப்ரியம்வதா அதைப் பார்த்தாள். பார்த்தும், குனிந்த நடிப்பை இன்னொரு தரம் செய்தாள். சிரிக்காத ஆளைச் சிரிக்கவைத்தே தீருவது என்று அவளுக்கு ஒரு வீம்பு.

புதன்கிழமை ஜான்சியிடமிருந்து செய்தி வந்தது. “மேடம், அப்பா மறுபடியும் நடைக்கு வரணும்றார். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார்.”

வயிற்றைப் பிசைந்தது அதனால்தான்.

4

நான்காம் சனிக்கிழமை. அப்பாவும் மகளும் கசார்வாடியில் மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட்டில் மாறி, ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டார்கள். சவரிமுத்து கையில் மஞ்சள் துணிப்பை. நடை முழுக்க அதை மார்போடு அணைத்தபடியே வந்தார். ப்ரியம்வதா ஐந்தாவது நிறுத்தத்தில் ஜெபமணியைச் சொல்லவில்லை. மரக் கிராதியைப் பற்றி ஏதோ உளறினாள். முன்பு ஒருமுறை வந்திருந்த ஒருவர், “அந்த குக் ஜோக் எங்கே மேடம்?” என்று கேட்டே விட்டார். அவள் காதில் விழாததுபோல் நடந்தாள்.

நடை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். எதிர்ச்சாரி பேக்கரியில் பிஸ்கட்டுக்கு வரிசை. ஜான்சி அங்கே போய் நின்றாள். அதற்காகவே காத்திருந்ததுபோல சவரிமுத்து பக்கத்தில் வந்தார்.

“மேடம், ஒரு அஞ்சு நிமிஷம். ஜான்சி வர்றதுக்குள்ள.”

“சொல்லுங்க அங்கிள். அன்னிக்கு நான் சொன்ன கதை...”

“கதைன்னு தெரியும் மேடம். அது பரவால்ல.”

“இல்ல, ஜெபமணின்னு யாருமே கிடையாது. நானா கட்டினது. உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்திருந்தா...”

“நீங்க கட்டினீங்க. எங்க வீட்ல நிஜமா ஒண்ணு மாட்டியிருக்கே, நான் என்ன செய்ய?”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எக்ஸ்ரே உறைக்குள் வைத்திருந்தார்.

5

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் சவரி என்றுதான் பெயர். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு துரையோடு புணே வந்த சமையல்காரர். துரை கொடுத்த சீட்டு கசார்வாடி வீட்டுக் கூடத்தில், வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மேல் இரண்டு வரிதான் வெளியே தெரியும். “பூனா கேம்ப், 1903. இதைக் கொண்டுவரும் சவரி என்னிடம் நான்கு வருடம் வேலை பார்த்தான்.” மீதித் தாள் உள்ளே மடிந்திருந்தது. அந்த இரண்டு வரியைக் காட்டித்தான் அவர் வீட்டில் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். துரையே எழுதிக் கொடுத்த குடும்பம்.

பங்குக் கோயிலில் இப்போது ஜூபிலி மலர் போடுகிறார்கள். பழைய குடும்பங்களின் படங்களும் காகிதங்களும் அதில் வருகின்றன. இந்தச் சீட்டைத் தருவதாக ஜான்சி வாக்குக் கொடுத்துவிட்டாள். சட்டத்தைப் பிரித்து, தாளை முழுதாக விரித்து, இன்று மாலை ஸ்கேன் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

“அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் ஃப்ரேம் ஆணியைப் பிடுங்கித் தாளை வெளிய எடுத்துட்டேன். மத்லப், அதாவது யாருக்கும் தெரியாம. ஃபேக்டரி போர்டெல்லாம் படிச்சவன்தான் நான், பிரிண்ட் எழுத்து வரும். இந்தச் சாய்ஞ்ச எழுத்து சுத்தமா ஓடல. ஜான்சி படிச்சிருவா. ஆனா அவகிட்ட குடுக்கக் கை வரல. நீங்க பேங்க்ல எத்தனையோ கையெழுத்து பாக்கறவங்க. படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதை மலர்ல போடலாமா, கூடாதா? பஸ், அது போதும்.”

6

ப்ரியம்வதா மனதுக்குள் படித்தாள்.

(இங்கே இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். சீட்டில் என்ன இருக்கிறது என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்? நல்லதாக எழுதிவிட்டால் எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டு மெட்ரோ ஏறிவிடலாம். எழுதிப் பார்த்தேன். “நேர்மையானவன், கோழிக்குழம்பில் நிகரற்றவன்.” வெட்கமாக இருந்தது. அன்று சிரித்த என்னை நானே சும்மா விட்டுவிடுவதற்கான வரி அது.)

அவள் படித்தது இது. தமிழில் தருகிறேன்.

“பூனா கேம்ப், 1903. இதைக் கொண்டுவரும் சவரி என்னிடம் நான்கு வருடம் வேலை பார்த்தான். சமையல் சுமார். வாயைத் திறந்தால் பொய். மூன்று வெள்ளிக் கரண்டிகள் காணாமல் போயின, இவன்தான் எடுத்திருப்பான் என்று நம்புகிறேன். இவனை வைத்துக்கொள்கிறவர் அலமாரியைப் பூட்டி வைப்பது நல்லது. இவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகையால் இதை உங்களிடம் மிகுந்த சந்தோஷத்தோடு காட்டுவான்.”

கடைசி வரியைப் படிக்கும்போது அவளுக்குக் குனிந்த முதுகு ஞாபகம் வந்தது. தன்னுடைய முதுகுதான். சீ என்று இருந்தது.

தாளை உறையில் வைக்கப் போனவள் ஒன்றைக் கவனித்தாள். தாளின் மேல் பகுதி வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தது. மடிந்திருந்த கீழ்ப் பகுதி வெளுப்பாகவே இருந்தது. மடிப்பு இரண்டாவது வரிக்கு நேர் கீழே, அடிக்கோல் வைத்து மடித்ததுபோல, நூல் பிசகாமல் இருந்தது.

“அங்கிள், இதை இப்படி மடிச்சு ஃப்ரேம் போட்டது யாரு?”

“எங்கப்பா. அவரு கோயில் ஆபீஸ்ல ஞானஸ்நான ரெஜிஸ்டர் எழுதினவர். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு அவ்ளோ...”

தாளைப் பார்த்தார். விரலால் மடிப்பைத் தடவினார்.

“அப்பா இதைப் படிச்சிருப்பாரு இல்ல மேடம்?”

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“படிச்சுட்டுத்தான் மாட்டியிருக்காரு. அம்பது வருஷம் தினம் அதும்முன்னாடி உக்காந்து சாப்பிட்டாரே. ஒரு நாள்கூட...”

7

முடிவுகள். எழுதியதையெல்லாம் வைக்கிறேன்.

அ. ப்ரியம்வதா பொய் சொல்கிறாள். “நல்லாத்தான் எழுதியிருக்கான், தாராளமா போடுங்க.” மாலை ஸ்கேன் எடுக்கிற இடத்தில் ஜான்சி அதைப் பெரிதாக்கிப் படிக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பினாலும் மலரைப் பார்க்கிற முந்நூறு குடும்பத்தில் ஒருவர் படிப்பார். மறுபடியும் மெயின் ஸ்ட்ரீட் முழுக்கச் சவரி சீட்டை நீட்டிக்கொண்டு நடப்பார், இந்தத் தடவை நாம் அனுப்பி. அடித்துவிட்டேன்.

ஆ. எழுத்து புரியவில்லை என்கிறாள். இது நான் செய்யக்கூடியது. ஆகவே அடித்தேன்.

இ. முழுதும் வாசித்துச் சொல்கிறாள். சவரிமுத்து கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரிக்கிறார். “துரைக்கு நல்லா வேணும், கரண்டி போச்சே” என்கிறார். இதை எழுதியதும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. காலையில் எழுந்து படித்தபோது, அவரைச் சிரிக்கவைக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உண்மை அதுதான், அதிலும் கை வைக்கப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

ஈ. “போடாதீங்க அங்கிள், உங்கப்பா மடிச்சபடியே மறுபடியும் மடிச்சு மாட்டிடுங்க” என்கிறாள். காரணம் கேட்காமல் அவர் தலையாட்டுகிறார். ஆனால் இனி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் மடிப்புக்குக் கீழே என்ன என்று அவராகவே ஒன்றை நினைத்துக்கொள்வார். அது துரை எழுதியதைவிட மோசமாக இருந்துவிட்டால்? தன் கொள்ளுத்தாத்தாவைக் கொலைகாரன் என்று எழுதியிருப்பதாக அவர் நினைத்துவிட்டால்?

உ. ப்ரியம்வதா

(இதற்கு மேல் ஓடவில்லை.)

ஆளை மாற்றினால் வழி பிறக்குமோ என்றும் பார்த்தேன். அனிருத்தைத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் தாளைப் போனில் படம் பிடித்து, நொடியில் தட்டச்சாக மாற்றி, “அங்கிள், டோன்ட் வொர்ரி” என்று சொல்லப் போனான். வாயைப் பொத்தி அனுப்பினேன்.

இப்போது ப்ரியம்வதாவும் போய்விட்டாள். எழுதுகிறவன் கைவிட்டால் பாத்திரம் எத்தனை நேரம்தான் தெருவில் நிற்கும்? நானும் நிற்கப் போவதில்லை. ஒருமுறை இதே தெருவில், கேட்டிருக்க வேண்டிய இடத்தில் கேட்காமல் நழுவியவன் நான். என்னை நம்பி இதை ஒப்படைக்க முடியாது.

நீங்கள் இருக்கிறீர்கள். முதல் பகுதியில் நான் சீட்டைப் பற்றிச் சொன்னபோது உங்கள் உதட்டோரம் லேசாக அசைந்ததா இல்லையா, அது உங்களுக்குத்தான் தெரியும்.

தாள் உங்கள் கையில் இருக்கிறது. எல்லா வரியும் படித்துவிட்டீர்கள். ஜான்சி பிஸ்கட் பொட்டலத்தோடு சாலையைக் கடக்கக் காத்து நிற்கிறாள், இரண்டு பைக்கும் ஒரு பஸ்ஸும் போனால் வந்துவிடுவாள். சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொள்கிறார். உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

“சொல்லுங்க. போடலாமா?”