வாத்தியார் திருத்திய முகம்

டிராயிங் வாத்தியார் சகாதேவனுக்குப் பென்சிலைவிட ரப்பர் மேல்தான் பிரியம் ஜாஸ்தி. பிள்ளைகளை வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, அவரவர் முகத்தை அவரவரே வரையப் பழக்கியது திருவண்ணாமலையில் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஆனால் பிள்ளைகளை வரையவிட்டாரா என்றால், அதுதான் இல்லை. மூக்கு கோணினால் அழித்து நேராக்குவார். காது பெரிசாயிருந்தால் குறைப்பார். பீரியட் முடிவதற்குள் வகுப்பு முழுக்க ஒரே களையான முகம் வந்துவிடும். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு 'பேஷ்' என்பார். மனுஷருக்கு அது போதும்.

அவர் மகள் சரோஜாவும் அந்த வகுப்பில்தான் படித்தாள். போன வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்ததும் ஊரில் வாந்திபேதி பரவியது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பெண், மறுநாள் காலையில் இல்லை. போட்டோ பிடிக்கலாம், பிடிக்கலாம் என்று தள்ளிப்போட்டதில் ஒரு போட்டோவும் இல்லாமல் போனது.

வருஷம் திரும்பியது. கன்னியாய்ப் போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துப் படைக்கிற நாள். சுவரோரம் புதுப் பாவாடை, பூ, மஞ்சள் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அவர் மனைவி ராஜம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு அவ மூஞ்சி மறந்துகினே வருதுங்க. கண்ண மூடினா பாவாட தெரியுது, சட தெரியுது, மூஞ்சி வரல. அவ மூஞ்சிய அவளே போட்டான்னு சொன்னீங்களே, அத்த எடுத்தாந்து குடுங்க."

சகாதேவன் எழுந்து போனார். பள்ளிக்கூட அலமாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். ராஜம்மாள் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நம்ம சரோஜாதான்."

"முன்பல்லு பாதி ஒடஞ்சிருக்குமே?"

"போட்டிருந்தா. படத்துல பல்லக் காட்டக் கூடாதுன்னு நான்தான் அழிச்சேன்."

"புருவத்துல வெட்டு?"

அவருக்கு அன்றைய வகுப்பு ஞாபகம் வந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து சரோஜா அந்தத் தழும்பைப் போட்டிருந்தாள். அவர் அழித்தபோது, "அது என்னுது சார்" என்றாள். வகுப்பில் அப்பா என்று கூப்பிடக் கூடாதென்று அவர்தான் சொல்லிவைத்திருந்தார், பாவி.

காகிதத்தை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார், பென்சில் அழுந்திய தடமாவது இருக்காதா என்று. இல்லை. நல்ல ரப்பர். வேறு வரைந்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். நினைத்துப் பார்த்தால் அவருக்கும் அந்த ஒரே களையான முகம்தான் வந்தது.

படத்துக்குக் கீழே 'ச. சரோஜா' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. அது ஒன்றில்தான் அவர் கை படவில்லை. ராஜம்மாள் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள். பெயரை மட்டும் கிழித்தெடுத்துப் புதுப் பாவாடையின் மேல் வைத்தாள். முகத்தை அவரிடம் நீட்டினாள்.

"இது உங்களுது. நீங்களே வெச்சிக்குங்க."