மசக்கை மூக்கு

பள்ளிப் பிள்ளைகளுக்கான தண்ணீர் பாட்டில்கள். நானூறு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு லாரி தொழிற்சாலை வாசலில் நின்றது.

முகர்ந்து பார்க்கும் அறையில் இரண்டு பெண்கள். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி மூடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து முகர்வார்கள். நாற்றம் உண்டா இல்லையா என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதுவார்கள். உண்டு என்றால் சரக்கு சோதனைக்கூடத்துக்குப் போகும். சீட்டுகள் ஒத்துப்போகாவிட்டால் முடிவு சூப்பர்வைசருடையது.

இன்று ஒத்துப்போகவில்லை. இளையவள் உண்டு என்று எழுதியிருந்தாள். மூத்தவள் இல்லை என்று.

"புதுசா வாங்கின பிளாஸ்டிக் சார், அதுதான்" என்றாள் இளையவள். "வெந்நீர் பட்டதும் குப்புனு அடிக்குது."

"உனக்கு மூணு மாசம். நேத்து என் சட்டையில சோப்பு நாறுதுன்னு ஓடின. மசக்கைக்காரி மூக்கை நம்பி லாரியை நிறுத்தவா?" என்றார் சூப்பர்வைசர்.

"உங்க சட்டையை யாரும் குடிக்கப் போறதில்ல சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நாத்தம் அடிச்சா விஷமா?"

"தெரியாது. தெரியாததாலதான் சோதனைக்கு அனுப்பச் சொல்றேன். காலையில ஊத்தின தண்ணிய பிள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் வச்சுக் குடிக்கும்."

அவர் மூத்தவளைப் பார்த்தார்.

"பதினோரு வருஷ மூக்கு. அக்கா இல்லன்னா இல்லதான்." கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

மூத்தவள் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக.

"என் சீட்டைக் கிழிச்சிடுங்க சார்."

"ஏன்?"

"எனக்கு வாசனையே தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல கிடந்தேனே, அதோட போச்சு. அடுப்புல பால் தீஞ்சாக்கூட என் பொண்ணு வந்து கத்தணும்."

"அப்ப இத்தனை நாளா எப்படி எழுதினீங்க?"

"இவ மூஞ்சியப் பாத்து. சுளிச்சா உண்டு. சுளிக்கலைன்னா இல்ல." மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "இப்ப சோப்புக்கும் சுளிக்கறா, டீக்கும் சுளிக்கறா. இதுவும் மசக்கைதான்னு இன்னிக்கு நானா இல்லன்னு போட்டுட்டேன்."

இளையவள் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடப்பாவி அக்கா."

"ஆமாடி. சொன்னா வேலை போயிடுமே."

வெளியே லாரி டிரைவர் ஹார்ன் அடித்தார். சூப்பர்வைசர் பேனாவை மூடினார். ஜன்னலில் தலையை நீட்டி, "சரக்கை இறக்குங்கப்பா" என்றார். டிரைவர் ஏதோ திட்டினார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இறக்கு."

கதவருகே போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளையிலிருந்து மூடி திருகற இடத்துல போய் உக்காருங்கக்கா. இந்த ரூம் வேண்டாம்."

போய்விட்டார்.

மூத்தவள் பாட்டிலை எடுத்து மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"வெயில்ல நின்ன பஸ்ஸுல உக்கார்ற சீட் நாறுமே, அந்த மாதிரி."

மறுபடி இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஆழமாக.

"போதும், விடுக்கா" என்று இளையவள் பாட்டிலை வாங்கி மூடினாள்.